கன்னி மூலைக் கிணறு

1

எங்கள் பூட்டன் எந்த வேலையிலிருந்து தப்பிக்கக் கப்பலேறினாரோ, அதே வேலையைச் செய்ய நான் விமானச் சீட்டு வாங்கி வந்து சேர்ந்திருக்கிறேன். போன வாரம் மலேசியாவின் கிள்ளானிலிருந்து என் பெரியப்பா மகள் விமலா கைப்பேசியில் கூப்பிட்டாள். அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பேச்சுவாக்கில் என்னைப் பற்றியும் விசாரித்தார்களாம்.

"அங்க போயி கீரை நடுறதுக்கா தாமான் வீட்ட வித்தீங்க? கேக்கறவங்களுக்கு நான் என்னலா பதில் சொல்றது?" என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"இந்தியாவுல பிசினஸ்னு சொன்னேன். என்ன பிசினஸ்னு கேட்டாங்க. ஹோட்டலுக்கு சப்ளைன்னேன். கீரைன்னு சொல்ல வாய் வரல புனிதா."

விமலாவைக் குறை சொல்ல மாட்டேன். நம் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக மண்ணைவிட்டு எவ்வளவு உயரத்தில் உட்காருகிறோம் என்பதுதான் முன்னேற்றம். பூட்டன் செங்கல்பட்டு ஜில்லாவில் யாருடைய வயலிலோ சேறு மிதித்தார். தாத்தா கிள்ளான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார். அப்பா செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டினார். சக்கரம்தான் மண்ணைத் தொட்டது, அவர் தொடவில்லை. நான் வங்கியில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்தேன். அடுத்தது என் மகள் மாடியில் உட்கார வேண்டியது. நானோ ஏறிய ஏணியில் அப்படியே இறங்கி, பூட்டன் புறப்பட்ட ஜில்லாவிலேயே வந்து சேற்றில் காலை வைத்துவிட்டேன்.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்ல ஆரம்பித்தால் அவளுக்குக் கோபம் வரும், எனக்கு அழுகை வரும். அதனால் அவளுக்கும், அவளைப்போலக் கேட்க நினைத்துக் கேட்காமல் இருக்கும் நம் சொந்தங்கள் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். சம்பந்தி வீட்டாருக்கு என்ன சொல்லலாம் என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். விமலா பொறுமையாகப் படிக்க வேண்டும்.

2

'தாய்நாட்டுக்குப் போயிட்டா' என்று நீங்கள் என்னைப் பற்றிப் பேசிக்கொள்வதாகக் கேள்வி. தாய்நாட்டில் எனக்குப் பெயர் மலேசியாம்மா. அரசாங்கம் கொடுத்திருக்கும் அட்டையில் நான் வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளி. நான் வெளிநாட்டில் வாழவில்லை, திருவிடந்தைக்குக் கொஞ்சம் தெற்கே, கடற்கரைச் சாலைக்கு மேற்குப் பக்கம் வாழ்கிறேன் என்று அட்டை கொடுத்தவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "அடுத்தவங்க வாங்க" என்றார்.

நான் வந்தது குணாவோடு. என் கணவருக்கு மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு விடுதியில் தலைமைச் சமையல்காரர் வேலை. மலேசியச் சாப்பாடு போட வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கூப்பிட்டார்கள். வந்து பார்த்தால் மலேசியச் சாப்பாட்டுக்கு வேண்டிய கங்கோங் கீரை கிடையாது, வாசனைக்குப் போடும் பாண்டான் இலை கிடையாது. இறால் விழுதில் செய்த பெலாச்சான் சம்பலில் பாலக்கைப் போட்டு வதக்கிவிட்டு அன்றிரவு குணா சாப்பிடவில்லை. மானமுள்ள மனிதர்.

வாடகை வீட்டின் பின்பக்கம் நான் ஒரு பாத்தி போட்டேன். வந்த புதிதில் எனக்கு வேறு வேலை இல்லை, பேச ஆளும் இல்லை. நம்மூர்ப் பழக்கத்தில், காலைப் பலகாரம் ஆயிற்றா என்ற அர்த்தத்தில், பால்காரரிடம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பசி என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, மலேசியாம்மா பட்டினி கிடக்கிறாள் என்று அவர் மனைவியிடம் சொல்லி இட்லி அனுப்பி வைத்தார். நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஊரே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. அதற்குப் பிறகு கீரையோடு பேசுவது பாதுகாப்பு என்று பட்டது.

அந்தப் பாத்தியை முதலில் வந்து பார்த்தவள் அஞ்சலை அக்கா. பக்கத்துக் குப்பத்துக்காரி, மீன் வியாபாரம். கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு தண்டைக் கிள்ளி மோந்து பார்த்தாள்.

"இன்னாமே இது, ஏரிக் கீர. இத்தப் போயி பாத்தி கட்டி வளக்குற?"

"ஹோட்டலுக்கு அக்கா."

"ஹோட்டல்ல மாடு வளக்குறாங்களா?"

அவள் சொன்னது உண்மை. நம்மூரில் தட்டில் வைத்துக் காசு வாங்கும் கங்கோங் இங்கே தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் எல்லாம் தானாகப் படர்ந்து கிடக்கிறது. யாரும் சீண்டுவதில்லை. அதையே விதை போட்டு, பிஞ்சாக அறுத்து, ஈரச் சாக்கில் சுற்றி அனுப்பினால், சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் அதற்கு வாயில் நுழையாத பெயர் வைத்த அட்டையைப் படித்துவிட்டு, தட்டைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு, ஐஸ்கிரீம் விலை கொடுத்துத் தின்கிறார்கள். வருகிற வழியில் அதே கீரையின் மேல்தான் அவர்கள் காரை நிறுத்தியிருப்பார்கள்.

அஞ்சலை அக்காவுக்கு அரை ஏக்கர் இருந்தது. நல்ல மீன் பட்ட ஒரு வருடத்தில் அவள் வீட்டுக்காரர் வாங்கிப்போட்டது. அவர் போன பிறகு அதில் முள்தான் முளைத்தது. "சும்மா கெடக்கறதுக்கு நீயாவது எத்தனா நோண்டு" என்று குத்தகைக்குக் கொடுத்தாள். நடுவில் உறை இறக்கிய ஒரு கிணறு. கடற்கரை மண்ணில் ஆழமாகக் குழாய் இறக்கினால் உப்புத் தண்ணீர் வரும். இந்த மாதிரி ஆழமில்லாத கிணற்றில்தான் மழைத்தண்ணீர் நல்லதாகத் தங்கும். அந்தக் கிணறுதான் என் தொழில்.

3

அரை ஏக்கரில் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். குணாவின் சம்பளத்தை நான் வீட்டுச் செலவுக்கு எதிர்பார்ப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அதற்குமேல் விவரம் சொன்னால் கடன் கேட்பீர்கள்.

வித்தை ஒன்றும் இல்லை. கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் உயர்மின் கம்பிக்குக் கீழே சீனர்கள் கீரை போடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? சமையலறை ஜன்னலிலிருந்து இருபது வருடம் அதைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவியவள் நான். ஒரு பாத்தி காலியாக இருந்து பார்த்ததில்லை. காலையில் அறுத்த இடத்தில் மாலையில் எரு விழும், மறுநாள் விதை விழும். எல்லோரும் போடுவதைப் போட மாட்டார்கள். யார் வாங்குவார் என்று தெரியாமல் ஒரு விதைகூட மண்ணில் விழாது. நானும் அப்படித்தான் செய்கிறேன். முதலில் சமையலறைகளுக்குப் போய் என்ன வேண்டும், எந்தக் கிழமை வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். பிறகுதான் மண்வெட்டியை எடுப்பேன். வாரம் முழுவதும் பாத்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தயாராகும்படி விதைப்பேன். ஈர இடத்தில் கங்கோங்கும் பாண்டானும், வரப்பில் எலுமிச்சைப் புல், வேலியோரம் காந்தாரி மிளகாய். விடியும்போது அறுப்பு, வெயில் ஏறுமுன் விடுதி வண்டிகள் வந்து போய்விடும்.

இதைப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் ஏமாற்றம். பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி அலுவலகங்களில் இருக்கிறவர்களுக்கு இப்போது விவசாய ஆசை ஒரு காய்ச்சலாகப் பரவியிருக்கிறது. அப்படி வந்தவர் ராகவன் சார். சனிக்கிழமைதோறும் தொப்பி, பூட்ஸ், மனைவி, நாய் சகிதம் வருவார். என் வரப்பில் நின்று கடல் காற்றை ஆழமாக இழுத்து, "யூ ஆர் லிவிங் மை ட்ரீம், மேடம்" என்பார். நான் அப்போது எருக்கூடையோடு நிற்பேன். கூடையில் ஒரு கை பிடியுங்கள் சார் என்றால் முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறதாம். அவருடைய கனவில் எருவும் முதுகும் கிடையாது.

"லாபம் முக்கியமில்ல மேடம், ஒரு திருப்தி" என்று ஒருநாள் சொன்னார்.

"எனக்குத் திருப்தி முக்கியமில்லை சார், லாபம்தான்" என்றேன். அவர் மனைவி சிரித்துவிட்டார். அந்த வாரம் அவர் கீரை வாங்காமலே போனார்.

4

பிள்ளைகள் கைவிட்டுப் போவதைப் பற்றி எழுதாவிட்டால் இது வெளிநாட்டிலிருந்து வரும் எழுத்தே இல்லை என்பீர்கள். எழுதுகிறேன். நாம் அங்கே பிள்ளைகள் ஆங்கிலத்தில் கரைந்து போகிறார்கள் என்று அழுவோம். என் மகள் தர்ஷினி தமிழில் கரைந்து போய்விட்டாள்.

வரும்போது பால் பல் விழுந்திருந்தது. இப்போது பிளஸ் டூ. மலாய் மறந்துவிட்டது. தேசிய கீதம் மறந்துவிட்டது. சம்பல் காரம் என்கிறாள், கருவாட்டுக் குழம்பை மட்டும் இரண்டு முறை போட்டுச் சாப்பிடுகிறாள். அவளும் அஞ்சலை அக்காவின் பேத்தியும் ஒரே வகுப்பு. நான் வீட்டில் அழகாக, நம் கிள்ளான் தமிழ்ப்பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி, "சாப்பிட வா" என்பேன். உள்ளேயிருந்து பதில் வரும்: "வந்துகினுதான்மா கீறேன், இன்னாத்துக்கு கத்துற?"

"இருக்கிறேன் என்று சொல்லு" என்பேன்.

"அப்டி பேசினா கிளாஸ்ல கலாய்ப்பாங்கமா. நீ பேசறது டிவில நியூஸ் வாசிக்கற மாதிரி கீது."

பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு நான் வந்தால் பேசாமல் தலையை மட்டும் ஆட்ட வேண்டும் என்பது அவள் போட்டிருக்கும் நிபந்தனை. நான் மலேசிய வழக்கத்தில் பேச்சின் முடிவில் 'லா' போட்டுவிடுவேனோ என்று பயம். குணாவிடம் முறையிட்டால், "நல்லதுதானே, ஒரு ஊராவது அவளுக்குச் சொந்தமா இருக்கட்டும்" என்றார். எனக்கு அது வலித்தது. என் மகள் எனக்குப் புரிகிற மொழியிலேயே எனக்கு அந்நியமாகப் போகிறாள் என்று நினைத்தேன்.

5

இரண்டு வருடத்துக்கு முன் தை பிறந்ததும் அஞ்சலை அக்கா வந்தாள். அவள் கையில் கூடை இல்லை.

"நெலத்த குடுக்கப்போறேன்மே. சுத்திலும் கம்பெனிக்காரன் வாங்கிட்டான். உள்ள வர வழியே அவனுதுதான். எம்புள்ள மீன் புடிக்க போட்டு வாங்கணும்ன்றான். நீயே வாங்கிக்க. அவன் குடுக்கற டப்பே குடு, போதும்."

நான் மறுநாளே செங்கல்பட்டுக்கு ஒரு வக்கீலிடம் ஓடினேன். அவர் என் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க வீடு வாங்கலாம். கடை வாங்கலாம். பத்து மாடி கட்டலாம். விவசாய நிலம் மட்டும் வாங்க முடியாது. பரம்பரையா வந்தா வெச்சுக்கலாம்."

"பரம்பரைதான் சார். எங்க பூட்டன் இந்த ஜில்லாதான்."

"அவருக்கு நிலம் இருந்துச்சா?"

"நிலம் இருந்தா ஏன் சார் கப்பலேறப் போறாரு?"

வக்கீல் சிரித்தார். கட்டணம் மட்டும் குறைக்கவில்லை. எழுந்திருக்கும்போது ஒரு யோசனை சொன்னார். "கொஞ்சம் பொறுங்க. அந்தக் கம்பெனி அதை வாங்கி மனையா மாத்திடும். மனை ஆனதுக்கப்புறம் நீங்க தாராளமா வாங்கலாம். சட்டத்துல தடையே இல்ல."

பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் இதையே யோசித்தேன். கீரை விளையும்வரை அந்த மண் எனக்குக் கூடாது. அதைக் கொன்று கல் நட்ட பிறகு எனக்கே எனக்கு. இப்படி ஒரு சட்டத்தை யோசித்து எழுதியவரை நேரில் பார்த்தால் ஒரு கட்டுக் கங்கோங் கொடுத்து வணங்குவேன்.

அந்தக் கல்லை நான் முன்பே பார்த்தவள். அப்பா லாரி ஓட்டிய செம்பனைத் தோட்டத்தை விற்றபோது எனக்குப் பத்து வயது. மரங்களைச் சாய்த்தார்கள், தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகளை இடித்தார்கள், அங்கேயே தாமான் கட்டினார்கள். நம் மலாயில் தாமான் என்றால் தோட்டம் என்றும் பொருள். இருந்த தோட்டத்தை அழித்துவிட்டு வீடுகளுக்குத் தோட்டம் என்று பெயர் வைத்தார்கள். அதில் ஓரத்தில் ஒரு வீடு அப்பாவுக்குத் தவணையில் கிடைத்தது. சாகும்வரை அவர் அந்த வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, இந்த இடம் எந்த வரிசை மரம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்த வீடுதான் எனக்கு வந்தது. விமலா கேட்கிறாளே, அந்த வீடு.

அதை விற்று இந்த மண்ணை வாங்கலாம் என்று நான் சொன்னதும் குணா அடுப்பை அணைத்தார்.

"ஒரு தாமான வித்து இன்னொரு தாமானா? நமக்குத் திரும்பிப் போக அது ஒண்ணுதான் இருக்கு புனிதா."

"திரும்பிப் போயி அங்க யாரு வீட்டு ஜன்னல்லேருந்து நான் கீரையப் பாக்கறது?"

மூன்று நாள் நாங்கள் பேசவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அங்கே கூரை இருக்கிறது, இங்கே நான் கூடாதவள். ஆனால் என் அப்பாவுக்குக் காலடியில் போனது எனக்கும் போவதை இன்னொரு முறை நின்று பார்க்க என்னால் முடியாது. நாலாம் நாள் குணா சொன்னார், "சரி, கிணறு இருக்கற பக்கமா வாங்கு."

6

அஞ்சலை அக்கா விற்றாள். மார்கழி வரை அறுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள். ஆடியிலேயே லாரிகள் வந்தன. பாண்டானைக்கூட முழுதாகப் பெயர்க்க நேரமில்லை. கிராவல் மண்ணைக் கொட்டிக் கொட்டி, முழங்கால் உயரத்துக்கு மேல் சமன் செய்தார்கள். சாலையோரம் வளைவு, கலர் கொடிகள், ஒரு பெரிய பலகை. அந்த இடத்துக்கு வைத்த பெயரில் பசுமையும் இருந்தது, சோலையும் இருந்தது. பலகையில் ஒரு விவசாயி வேறு கைகூப்பி நின்றார். அந்த விவசாயியின் பற்கள் என் விவசாய வாழ்க்கையில் நான் பார்த்த எதைவிடவும் வெண்மை.

மேலாளர் பாலாஜி கழுத்தில் அடையாள அட்டையோடு வரைபடத்தை விரித்தார்.

"மேடம், ஈசான்ய மூலைல ரெண்டு மனை இருக்கு. உங்களுக்காகத்தான் வெச்சிருக்கேன்."

"எனக்குக் கிணறு இருக்கிற மனை வேண்டும்."

அவர் முகம் மாறியது. "மேடம், அது மூடப்போறோம். கிணத்தத் தொட்டு இருக்கற ரெண்டு மனையையும் சேத்துப் பாத்தா அது கன்னி மூலைல விழுது. தென்மேற்குல தண்ணி இருந்தா வீட்டுத் தலைவிக்கு ஆகாது. அத யாரும் கேக்க மாட்டாங்க."

"யாரும் கேட்கவில்லை என்றால் எனக்குக் கொடுங்கள்."

"உங்க நல்லதுக்குச் சொல்றேன் மேடம்."

"பதினெட்டு மனையில இந்த ரெண்டுதான் எனக்கு நல்லது."

அவர் என் பக்கத்திலிருந்த குணாவைப் பார்த்தார். குணா, "வீட்டுத் தலைவி அவங்கதான். அவங்களுக்கே பயம் இல்ல" என்றார். பத்திரம் நடந்தது. அலுவலகத்தில் எங்கள் அட்டையைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீட்டுமனை அல்லவா.

பதிந்த மறுவாரம் நான் செய்த முதல் காரியம், ஒரு பொக்லைனைக் கூப்பிட்டு, வாங்கிய மனையைத் தோண்டியது. கிராவல் எல்லாம் வழித்து, அடியில் நசுங்கிக் கிடந்த என் பழைய மண் கறுப்பாகத் தெரியும்வரை. பாலாஜி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மேடம், மனைய யாராவது பள்ளம் பண்ணுவாங்களா? எல்லாரும் மேடு பண்ணுவாங்க."

தோண்டிய கிராவலை எங்கே கொட்டுவது என்று நான் யோசிப்பதற்குள் அதற்கு ஆள் வந்தாயிற்று. பக்கத்து மனையை வாங்கியிருந்தவர் வேறு யார், ராகவன் சார்தான். கனவு பலித்துவிட்டது. தன் மனை இன்னும் உயரமாக இருக்கட்டும் என்று மொத்தத்தையும் கேட்டு வாங்கிக் கொட்டிக்கொண்டார். அதன் மேல் வீடு, வீட்டுக்கு முன்னால் நீச்சல் குளம். அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் நீச்சல் குளம் உண்டு. கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு எதற்குக் குளம் என்று அஞ்சலை அக்கா கேட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. எல்லோரும் மேடு. நான் ஒருத்திதான் பள்ளம். சோலை முழுக்கப் பெய்த தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாமல் என் இரண்டு மனைக்கு வந்தது. நசுங்கிய மண் ஊறி இளகியது. விதை போட்டேன். கார்த்திகையில் கங்கோங் அலை மாதிரி எழுந்தது. விடுதி வண்டிகள் மறுபடி வந்தன. அஞ்சலை அக்கா ஓரத்தில் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"நான் நெலத்த வித்தேன். நீ அத்த மறுக்கா நோண்டி எடுத்துகினு கீற" என்றாள். அன்று கூடையில் கடைசியாக இருந்த சங்கராவை என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். காசு வாங்கவில்லை.

7

ராகவன் சாருக்குத் தவளைச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை. எரு நாற்றமும் ஒத்துக்கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தால் விவசாயம் தெரியும் என்று மனை விளம்பரத்தில் போட்டிருந்ததே என்றேன். தெரியும் என்றுதான் போட்டிருந்தது, மணக்கும் என்று போடவில்லை என்றார். நியாயம்தான். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை, மேலிடத்துக்கு எழுதினார்.

போன வாரம் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். சின்ன வயதுக்காரர், கை மடித்த சட்டை, களைத்த முகம். நான் முழங்கால் சேற்றில் நின்றிருந்தேன். தர்ஷினி வரப்பில் உட்கார்ந்து கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அஞ்சலை அக்கா அன்றைய மீனோடு வந்திருந்தாள்.

"நீங்கதான் மலேசியாம்மாவா? வெளிநாட்டுக்காரங்க இங்க விவசாயம் பண்றாங்கன்னு ஒரு புகார் வந்திருக்கு" என்றார்.

"இது மனை சார். பத்திரம் இருக்கு."

"மனைதான், பாத்தேன். ஆனா இங்க விவசாயம் நடக்குதுன்னு நான் எழுதினா, விவசாய நிலம் உங்க கைக்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. அதுக்கப்புறம் என்ன ஆகும்னு எனக்கே தெரியாதும்மா. என்ன நடக்குதுன்னு நீங்களே சொல்லுங்க, எழுதிக்கறேன்."

கிள்ளான் வீடு போயிற்று. இதுவும் போனால் நின்று அழக்கூட எங்களுக்குச் சொந்தமாக ஒரு இடம் கிடையாது. பயந்தால் எனக்குக் கிள்ளான் தமிழ்தான் வரும். "சார், இது வந்து சார், சும்மாதான்லா" என்று என்னவோ உளறினேன். அவருக்குப் புரியவில்லை. தர்ஷினி கட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"சார், இது ஸ்விம்மிங் பூல் சார்."

அவர் பள்ளத்தைப் பார்த்தார்.

"வூடு கட்டிகினு கீறோம். மொதல்ல பூலுக்குத் தோண்டினோம். அதுக்குள்ள மழ வந்துருச்சு, டப்பும் தீந்துருச்சு. அப்டியே நிக்குது. இந்த லைன்ல எல்லா வூட்லயும் பூல் கீது சார், வேணும்னா எண்ணிப் பாருங்க."

"தண்ணியில செடி இருக்கேம்மா?"

இப்போது அஞ்சலை அக்கா வாயைத் திறந்தாள். "அது ஏரிக் கீர நைனா. தண்ணி நின்னா தானா வந்துரும். நீயும் இந்தப் பக்கம்தான? அத்தப் போயி யாருனா நடுவாங்களா?"

அவர் அந்தப் பக்கத்துக்காரர்தான், கருங்குழியாம். ஏரிக் கீரையை யாரும் நடுவதில்லை என்று அவருக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். நேரான வரிசைகளைப் பார்த்தார். கட்டி வைத்த கட்டுகளைப் பார்த்தார். என் சேற்றுக் காலைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, எழுதுவதை வாய்விட்டே சொல்லிக்கொண்டு எழுதினார்: "வீட்டுமனை. நீச்சல் குளம், கட்டுமானத்தில் உள்ளது. களை மண்டியுள்ளது."

"களையச் சுத்தம் பண்ணிடுங்க. இல்லன்னா திரும்பப் புகார் வரும்."

"தெனம் காலைல அதான் சார் பண்ணிகினு கீறோம்" என்றாள் என் மகள்.

அவர் சிரிக்கவில்லை. வண்டியில் ஏறும்போது மட்டும், "இத எப்படிச் சமைக்கறது?" என்று என்னிடம் கேட்டார். ஒரு மஞ்சள் பை நிறையக் களை போட்டுக் கொடுத்தேன். பூண்டும் வற்றல் மிளகாயும் போட்டு, அதிகம் வேகவிடக் கூடாது என்று சொன்னேன்.

அவர் போன பிறகு நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். சேறு படாத முழங்கையால் கண்ணைத் துடைத்தேன். தர்ஷினி வந்து என் பக்கத்தில் நின்று, "இன்னாமா, இதுக்குப் போயி அழுவற" என்றாள். 'அழுகிறாய்' என்று சொல்லு என்று நான் திருத்தவில்லை. இனி திருத்தவும் மாட்டேன்.

ஆகவே விமலா, சம்பந்தி வீட்டார் மறுபடி கேட்டால் கீரை என்று சொல்லி நீ சங்கடப்பட வேண்டாம். புனிதா மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் நீச்சல் குளத்தோடு சொந்த இடம் வாங்கிவிட்டாள் என்று சொல். அரசாங்கக் காகிதத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. வீடு எங்கே என்று கேட்டால், கட்டிகினு கீறாங்க என்று சொல்.